திங்கட்கிழமைச் சாப்பாட்டுக்கு ஒரு தீர்ப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்ப்பகால உணவு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: ‘முந்தைய நாள் உணவைக் கேட்டறிந்ததில் நம் தாய்மார்களின் அலட்சியம் உறுதியானது.’ ஒரே ஒரு நாளைக் கேட்டுவிட்டு அலட்சியத்தை உறுதிசெய்தவர்களின் அக்கறையை என்னவென்று பாராட்டுவது!

முந்தைய நாள் சாப்பிட்டதையெல்லாம் நினைவிலிருந்து சொல்லக் கேட்கும் இந்த ‘24 மணி நேர உணவு நினைவுகூரல்’ முறை எதற்கு உதவும் என்பது தாங்கள் அறியாததல்ல. நிறையப் பேரிடம், வாரத்தின் எல்லா நாட்களுக்கும் பரவலாகக் கேட்டால் கூட்டத்தின் சராசரி ஓரளவு வரும். தனி ஒருத்தி வழக்கமாக என்ன சாப்பிடுகிறாள், எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்பதெல்லாம் அதில் வராது. அதற்கு ஒரு பகுதியினரிடமாவது சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்டு, நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். மாவுச்சத்து பெரிதாக மாறாது. வைட்டமின் ஏ முருங்கைக்கீரை சமைத்த நாளில் எகிறும், மறுநாள் படுத்துவிடும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் கர்ப்பிணிகள் பரிசோதனை செவ்வாய்க்கிழமை. அங்கே உட்கார்ந்து கேட்டால் கிடைப்பது அத்தனையும் திங்கட்கிழமைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மீனும் கணக்கில் ஏறவே ஏறாது. அப்புறம் ‘அசைவம் போதவில்லை’ என்று கொட்டை எழுத்தில் போடுவீர்கள்.

அளவெடுப்பது இன்னும் மோசம். ‘சாம்பார் சாதம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். வீட்டில் 150 கிராம் துவரம்பருப்பு போட்டு ஒன்றரை லிட்டர் சாம்பார் வைத்து, அதில் 200 மில்லி அவள் ஊற்றிக்கொண்டால், அவள் பங்கு 20 கிராம் பருப்பு; புரதம் 4 கிராம் சொச்சம். மேலாகத் தெளிவை மொண்டிருந்தால் அதுவும் இல்லை. சமைத்தவரைக் கேட்க வேண்டும். அவள் சாப்பிட்ட கிண்ணத்திலேயே தண்ணீர் ஊற்றி அளவுக்குவளையில் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த இந்திய உணவுச் சத்து அட்டவணை பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கானது. வடித்த சோற்றின் எடையை அப்படியே அரிசிக்கு நேரே போட்டால் கலோரி இரண்டரை, மூன்று மடங்காகும்.

முதலில் அவளைத் தடையில்லாமல் சொல்லவிட வேண்டும். பிறகு டீ, பிஸ்கட், ஊறுகாய், முறுக்கு என்று விட்டுப்போனவற்றை எடுத்துக்கொடுத்து, நேரம் கேட்டு, அளவு கேட்டு, கடைசியாக ஒருமுறை துருவ வேண்டும். ஐந்து சுற்று. மாமியார் பக்கத்தில் நின்றால் பாலும் பழமும் தானாகக் கூடும். ரகசியமாக மென்ற பச்சரிசியும் சாம்பலும் வெளியே வராது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாளா என்று கேட்கும் படிவம் அபூர்வம். இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். அட்டையை வாங்கி எண்ணிப் பார்க்காமல் இரும்புச்சத்து பற்றி என்ன பேச்சு?

சொன்ன கலோரியை, உடல் ஓய்வில் செலவிடும் கலோரியால் வகுத்து, மிகக் குறைவாக வந்தவர்களைக் ‘குறைத்துச் சொன்னவர்கள்’ என்று ஒதுக்கும் கோல்ட்பர்க் குழுவின் 1991 வரம்பு ஒன்று உண்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகித்தால், மசக்கையில் நிஜமாகவே சாப்பிட முடியாதவள் பொய் சொன்னவளாகிறாள். அங்கே பொய், இங்கே அலட்சியம். பாவம், எந்தப் பக்கம் போனாலும் அவள் தலையில்தான் விடிகிறது.

தங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. முன்பொரு முறை ஹீமோகுளோபின் குறைவு முழுவதற்கும் சாப்பாட்டைக் குற்றம் சொன்னீர்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் அளவு இறங்கும் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் அளவே இரும்புச்சத்து உள்ள பீட்ரூட்டுக்கு, நிறத்தைப் பார்த்து முழுப் பக்கம் ஒதுக்கினீர்கள். சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்கு இடம் இல்லாமல் போனது. பக்க நெருக்கடி, புரிகிறது.

இப்போது கேட்பது ஒரு வரிதான். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 35 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றிருக்கிறது. அது 2010-ஆம் ஆண்டின் பரிந்துரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் அதை 27 ஆக மாற்றிவிட்டன. அடுத்த இதழில், மூலையில் எங்காவது, திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால சந்தாதாரர்,
மதுரை