நகை வடிவ அச்சுப்படங்களின் ஓரத்தை வெட்டாதீர்கள்

பழைய அச்சுப்படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் அருங்காட்சியகத்தாருக்கு வணக்கம்.

1581-இல் ஆண்ட்வெர்ப்பில் ஃபிலிப்ஸ் காலே வெளியிட்ட ஹான்ஸ் கொலார்ட்டின் பதக்க வடிவங்களும், 1590-களில் ஆக்ஸ்பர்க்கில் டேனியல் மின்யோ செப்புத் தகட்டில் வெட்டியவையும் பொற்கொல்லர்களை மனதில் வைத்து அச்சானவை. இன்றும் அவற்றைப் பார்த்து நகை செய்கிறோம். அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பட்டியல்களில் பெரும்பாலும் இருப்பது தாளின் அளவு. நீங்கள் ஏற்றிய படமோ தகட்டுத் தடத்தை (அச்சிடும்போது செப்புத் தகட்டின் விளிம்பு தாளில் பதித்த தடம்) ஒட்டி வெட்டப்பட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள 110 மி.மீ.யை நம்பி, உண்மையில் 100 மி.மீ. உயரமுள்ள படத்தைப் பெரிதாக்கினால் 4 மி.மீ. கல்லுக்கான குழி 4.4 ஆகிவிடும், கல் ஆடும். தகட்டுத் தடத்தின் அளவைத் தனியே தாருங்கள். தாளின் நான்கு ஓரமும் தெரிய, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தடமே வெட்டுப்பட்ட பிரதி என்றால் அதையும் குறியுங்கள். நீளம், அகலம் இரண்டும் வேண்டும்: ஈரத்தாளில் அச்சிட்டு உலர்த்தும்போது தாள் சுருங்குகிறது, இரு திசையிலும் ஒரே அளவில் அல்ல.

அடுத்தது எனாமல் வேலைக்கான, அதாவது பொன்னில் குடைந்த குழிகளில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்கும் வேலைக்கான கறுப்பு வடிவங்கள். பிரெஞ்சுப் பொற்கொல்லர் ழான் டூட்டான் 1618, 1619-இல் வெளியிட்டவற்றைப் போன்ற படங்களில் கறுப்புக்கு நடுவே மயிரிழையாக விட்ட வெள்ளைக் கோடு இருக்கும். நகையில் பொன்னாக நிற்க வேண்டிய வரப்பு அதுதான். படத்தைத் ‘தெளிவாக்க’ கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் அந்த வெள்ளை மூடிக்கொள்ளும். வரப்பில்லாமல் குடைந்த தகட்டில் பக்கத்துப் பக்கத்து எனாமல் நிறங்கள் சூளையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) 0.1 மி.மீ. கோட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே பிக்சல். 1200-இல் கிட்டத்தட்ட ஐந்து கிடைக்கும். இந்த வகைக்காவது 1200-ஐக் கைவிடாதீர்கள், கான்ட்ராஸ்ட்டையும் தொடாதீர்கள்.

சில படங்களில் இடப்பாதி ஒரு வடிவம், வலப்பாதி இன்னொன்று. வேண்டிய பாதியைத் திருப்பிப் போட்டு முழுமையாக்கிக்கொள்ளவே அப்படி வரைந்தார்கள். விவரக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் புதியவர்கள் ஏமாற மாட்டார்கள்.

ஒரே தகட்டின் பல பிரதிகள் உங்களிடம் இருந்தால், தேயாத பிரதியை முதலில் காட்டுங்கள். தகடு தேயும்போது முதலில் மறைபவை நுண்ணிய நிழற்கோடுகள்; எந்தப் பகுதி புடைப்பு, எந்தப் பகுதி குழிவு என்று சொல்பவையும் அவைதான்.

எல்லாவற்றையும் மறுபடி படமெடுக்க நிதி இல்லையென்றால், தகட்டு அளவை மட்டும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நகை வடிவமைப்பும் எனாமல் வேலையும் செய்வோர்