தொடர்பு மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பரந்தனிலிருந்து ஒரு திறந்த மடல்

விற்பனையாளர்களுக்கென்று, வாடிக்கையாளர் விவரத்தைப் பதிந்து வைக்கிற தொடர்பு மென்பொருள் எழுதுகிற அனைவருக்கும் வணக்கம்.

விதைநெல், பசளை, தண்ணீர்ப் பம்பி உதிரிப்பாகம் விற்கிற சிறிய வியாபாரம் எங்களுடையது. வட்டக்கச்சி, விசுவமடு, மல்லாவி என்று ஓடித்திரியும் எங்கள் ரெப்மாரின் (விற்பனைப் பிரதிநிதிகளின்) போனில் உங்களைப் போன்றவர்களின் அப் இருக்கிறது. சட்டைப்பையில் கொப்பியும் இருக்கிறது. கணக்கில் சந்தேகம் வந்தால் கொப்பியைத்தான் புரட்டுகிறோம்.

செயற்கை நுண்ணறிவு, வண்ண வரைபடம் எல்லாம் சேர்க்கிறீர்கள், சரி. முதலில் பெயரை ஒழுங்காக வாங்குங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். எங்களுக்கேது குடும்பப்பெயர்? முன்னால் நிற்பது தகப்பன் பெயர், பின்னால் வருவதுதான் ஆள். கந்தையா சிவராசா என்று பதிந்தால், 'வணக்கம் கந்தையா, உங்கள் பம்பிக்கு சேர்விஸ் நாள் நெருங்குகிறது' என்று மகனுக்குக் குறுஞ்செய்தி போகும். தகப்பன் உயிரோடு இல்லாத வீடென்றால்? 2009-ஐக் கடந்து வந்த ஊர்களில் அப்படி எத்தனை வீடு என்று யோசியுங்கள். முழுப்பெயருக்கு ஒரு கட்டம், எப்படி அழைப்பது என்பதற்கு ஒரு கட்டம் போதும். அண்ணை, அக்கா, ரீச்சர் எல்லாம் இரண்டாவதில் அடங்கிவிடும்.

அப்புறம் தேடல். ஸ்ரீதரன் பட்டியலில் இருப்பார், தேடினால் இல்லை என்று வரும். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யுனிகோடில் 'ஶ' 2005-இல் சேர்ந்தது. அதன் பிறகு அந்த முதலெழுத்தைச் சில விசைப்பலகைகள் 'ஶ' வைத்து எழுதுகின்றன, சில பழையபடி 'ஸ' வைத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. தேடுமுன் ஒன்றாக்கிவிடுவது உங்களுக்குப் பெரிய வேலையில்லை. யுனிகோடில் இல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய எக்செல் பட்டியலை ஏற்றினால் வருகிற கிறுக்கலையும் அதே கையோடு பாருங்கள்.

தொலைபேசி எண்தான் ஆள் என்ற நினைப்பையும் விடுங்கள். தாய்க்குப் பசளைக் கணக்கு, மகனுக்கு லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) கணக்கு, வீட்டுக்கு ஒரே போன். உடனே மென்பொருள் இரட்டைப் பதிவு என்று இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. அதே மென்பொருளுக்கு, 077 என்று தொடங்குவதும் +94 77 என்று தொடங்குவதும் ஒரே எண் என்பது மட்டும் விளங்குவதில்லை! சேர்ப்பதென்றால் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததைப் பிரிக்கவும் வழி வையுங்கள்.

நினைவூட்டலுக்கு 30 நாள், 60 நாள் என்ற தெரிவுகள் எங்களுக்கு உதவாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து விவசாயிகள் கூட்டத்தில் முடிவாகும். அதற்குப் பிறகுதான் விதைநெல் பேச்சு. 'சிறுபோகக் கூட்டம் முடிந்து ஒரு கிழமை' என்று பதிந்து வைத்து, கூட்ட நாள் தெரிந்ததும் ஒரே இடத்தில் அதைப் போட்டால், எல்லா வாடிக்கையாளருக்கும் நாள் தானாக விழ வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஆள் தேவையென்றால் எங்கள் ரெப்மாரோடு ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வாருங்கள். தை, மாசியில் மட்டும் வேண்டாம். காலபோக அறுவடை, ஒருவரும் உங்களோடு நின்று பேச மாட்டார்கள்.