பையில் 9 மருந்து

சிவகங்கை
ஞாயிறு, விடிகாலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே பேசலாம்தான். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அப்புறம் மழை பெய்ததா, மாத்திரை போட்டாச்சா என்பதோடு முடிந்துவிடுகிறது. தீபாவளிக்குப் பிறகு அதுவும் குறைந்துவிட்டது. உனக்கு வேலை ஜாஸ்தி என்று சின்னவள் சொன்னாள். இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் பரண் ஒழித்தோம். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த கேம்பாய், அந்தக் கையடக்க வீடியோகேம், ஒரு மஞ்சள் பையில் கிடந்தது, போக்கிமான் ரெட் கேசட் சொருகியபடியே. நீ பத்தாவது படிக்கும்போது நான் பிடுங்கிப் பூட்டி வைத்தேனே, அதேதான். இரண்டு பென்சில் செல் போட்டேன், ஓடியது. ஆனால் நீ ஆடி வைத்தது எதுவும் அதில் இல்லை. கடைப் பையன் கேசட்டைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பட்டன் செல். அதில் உயிர் இருக்கும் வரைதான் சேமித்தது நிற்குமாம். புதுசு மாற்றித் தந்தான். பழைய கணக்கு போனது போனதுதான்.

அதே பையில் உன் கோடு போட்ட நோட்டும் இருந்தது. பச்சை மையில் எழுதியிருக்கிறாய்: ஃபுல் ரெஸ்டோர் 9, மேக்ஸ் எலிக்ஸர் 3, ரேர் கேண்டி 11, மாஸ்டர் பால் 1. கடைசி வரிக்குப் பக்கத்தில் "தொடக் கூடாது" என்று, அடியில் இரண்டு கோடு. அந்த 9 மருந்தையும் பையில் வைத்துக்கொண்டுதானே ஆட்டத்தின் கடைசி நாலு பேரிடம் தோற்றுத் தோற்று வந்து அழுவாய்? மருந்து இருந்தும் ஏண்டா அடிபட்டாய் என்று அம்மா கேட்டால், "அப்புறம் பெரிசா வரும்மா" என்பாய். அதற்குப் பிறகு என்ன வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

சிரிக்காதே, இப்போது நான் ஆடுகிறேன். சாஃப்ரன் சிட்டியில் அந்தக் கம்பெனியின் 11 மாடியும் ஏறி, வில்லன் ஜியோவானியை விரட்டி, முதலாளி கையால் மாஸ்டர் பால் வாங்கிவிட்டேன், எதிர்வீட்டுப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பிராணிகளைப் பிடிக்க எறிகிற பந்து அது. அல்ட்ரா பால் என்றால் 1,200 கொடுத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இதைக் கடையில் விற்கவே மாட்டான், ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்று. எறிந்தால் தப்பவே தப்பாது. ஜாப்டாஸ் என்ற பெரிய பறவை முன்னால் நின்று அல்ட்ரா பாலாக எறிந்து தீர்த்தேன். இதை எடுக்கக் கை வரவில்லை. அப்போதுதான் உன் இரண்டு கோடு ஞாபகம் வந்தது. உன்னை எத்தனை திட்டியிருப்பேன்!

இது உலகம் முழுக்க உள்ள வியாதிதான் என்கிறான் எதிர்வீட்டுப் பையன். ஃபைனல் ஃபேண்டசியில் எலிக்ஸர் என்று ஒரு மருந்தாம். எல்லோரும் அதைச் சேர்த்துச் சேர்த்து, ஆட்டம் முடியும்போது மூட்டையாக வைத்திருப்பார்களாம். 2011இல் வந்த டார்க் சோல்ஸில் அதற்கு ஒரு வழி பண்ணினார்கள் என்றான். தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் மருந்துக் குப்பி தானே நிரம்பிவிடுமாம். அதனால் யாரும் யோசிக்காமல் குடிப்பார்களாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் சி.எல். லீவு அப்படித்தானே? வருடத்துக்கு 12 நாள், டிசம்பர் 31 தாண்டினால் செல்லாது, ஜனவரியில் புதுசு. அதனால் டிசம்பரில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். இ.எல்., ஈட்டிய விடுப்பு, அதுதான் சேரும். 240 நாள் வரை சேர்த்து, ரிடையராகும்போது காசாக்கலாம். அதை எவனும் தொட மாட்டான்.

உனக்கு 27 நாள் லீவு சேர்ந்திருக்கிறது என்றாயே. மூன்று வருடமாக ஒரு நாள்கூட எடுக்கவில்லை என்று பெருமையாகத்தான் சொன்னாய். எனக்கும் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. "அவசரத்துக்கு இருக்கட்டும்பா" என்றாய். எந்த அவசரம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூன் மாதம் மதுரையில் நடந்ததை அம்மா உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். டாக்டர் சொன்னது ஒன்று, அவள் காதில் விழுந்தது ஒன்று. நான் தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, அதைவிட எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ரிடையரானபோது வந்த அந்த 240 நாள் பணத்தில்தான் மாடி எடுத்தோம். அங்கே நீ படுத்த ராத்திரிகளை அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். இதுவரை 19.

அப்பத்தா தவறிய வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும், 2003. அதற்கு முந்திய ஆறு மாதமும் "பத்து நாள் வந்து இருந்துட்டுப் போடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். லீவு இல்லையாத்தா என்பேன். பொய். அன்றைக்கே என் கணக்கில் 240 நிறைந்துவிட்டது. அதற்கு மேல் சேர்வது ஏட்டில் ஏறாமல் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டத்தில் உன் பையிலும் 20 வகைச் சாமானுக்கு மேல் கொள்ளாதே, அந்த மாதிரி. பத்து நாள் எடுத்திருந்தால் எனக்கு ஒரு நயா பைசா நஷ்டமில்லை. முழுசாக இருக்கிறதே, அதைக் குறைப்பானேன் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

நான் வந்து தங்குவேன் என்று கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தது அப்பத்தா. தகவல் வந்து போய் நின்றபோது கட்டில் சுவரில் சாய்ந்திருந்தது. கயிறு விறைப்பாக, ஒரு தொய்வுகூட இல்லை. காரியத்துக்கு மூன்று நாள் சி.எல். போட்டேன், தம்பி. இ.எல்.லை அப்போதும் தொடவில்லை. இது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அந்தக் கட்டில் இப்போது மாடியில் கிடக்கிறது. கயிறு மட்டும் மாற்ற வேண்டும்.

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. ஆட்டத்தில் முதல் ஊரைத் தாண்டியதும் புல்லுக்குள்ளிருந்து ஒரு பிட்ஜி வந்தது. லெவல் 3, வெறும் குருவி. மாஸ்டர் பாலை அதன் மேல் எறிந்துவிட்டேன். எதிர்வீட்டுப் பையன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். நீயும் திட்டுவாய். பெயர் வைக்கிறாயா என்று கேட்டது, வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன். லாவெண்டர் டவுனில் பெயர் மாற்றித் தர ஒருவர் இருக்கிறாராம். நீ வந்து வை.

அப்பா