பெயர் தெரியாத செவிலியர் அக்காவுக்கு

போன மாதம் ஒரு விடியற்காலை, அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், தாடையில் வலி, குப்பென்று வியர்வை. ‘வாய்வுதான், சோடா குடிம்மா’ என்றவன் நான்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதும் ஜெலுசில் வாங்கத்தான்.

அங்கிருந்த செவிலியர் அக்கா, “சுகர் இருக்கா?” என்றார். 15 வருஷமாக என்றதும் முகம் மாறியது. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வருமாம். உடனே ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டினார். மாரடைப்பேதான். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரை. (“இதுக்கு ஒரு பிடி சோறே தின்னுருவேன்” என்றார் அம்மா, அந்த நிலையிலும்!) 108 வரும்வரை ஒரு அடிகூட நடக்க விடவில்லை.

அன்றே அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அம்மா வீட்டில் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறார். பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை அக்கா. ரொம்ப நன்றி.