படம் எடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் அனுப்பும் பழைய புகைப்படங்களைத் தாங்கள் வெளியிடுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ‘கல்லூரி நண்பர்களுடன்’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகின்றன. அந்த நண்பர்கள் யார் என்பதைப் படம் சொல்வதில்லை.

சென்ற மாதம் பரணை ஒழித்தபோது, 1977-ஆம் ஆண்டு நாங்கள் எட்டுப் பேர் சேலத்திலிருந்து பேருந்தில் ஏற்காடு சென்றபோது எடுத்த கருப்பு வெள்ளைப் படமொன்று கிடைத்தது. படத்தில் இருப்பவர்களோ ஏழு பேர். எட்டாமவர், தம் சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கிளிக் த்ரீ கேமராவைக் கையில் பிடித்திருந்தவர். ஒரு சுருளில் 12 படங்களே எடுக்க முடியும் என்பதால், அதை வேறெவரிடமும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று பேருந்துக் கட்டணம் முதல் பஜ்ஜிக் கணக்கு வரை பார்த்துக்கொண்டவரும் அவரே. இப்போது படத்தைப் பார்க்கும் என் பேத்திக்கு அப்படி ஒருவர் எங்களோடு வந்ததே தெரியாது.

இடம் எது என்பதிலும் எனக்கும் அம்மாபேட்டையில் இருக்கும் நண்பருக்கும் வழக்கு. அவர் பகோடா பாயிண்ட் என்றார். அங்குள்ள கல் அடுக்குகள் ஒன்றுகூடப் படத்தில் இல்லை, கம்பித் தடுப்புக்குப் பின்னால் மலைச்சாலையின் வளைவுகள் தெரிகின்றன; ஆகவே லேடீஸ் சீட் என்பது என் கட்சி. இருவரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: வலது ஓரத்தில் நிற்பவரின் பெயர் இருவருக்குமே நினைவில்லை.

பள்ளி, கல்லூரிகளில் எடுக்கும் குழுப் படங்களில் ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக’ என்று அட்டையிலேயே பெயர்களை அச்சிட்டுவிடுவார்கள். நண்பர்கள் எடுத்துக்கொள்ளும் படத்துக்கு அந்த வழக்கம் இல்லை. மறப்போம் என்று அந்த வயதில் யார் நினைத்தார்கள்? வெள்ளித் துகளால் உருவான கருப்பு வெள்ளைப் படம் இத்தனை ஆண்டுகளாகியும் தெளிவாக நிற்க, அதன் பின் எடுத்த என் வண்ணப் படங்கள் சாயம் வெளுத்துச் செம்மை பாரித்துவிட்டன என்பது வேறு கதை. முகம் தெளிவாக இருந்தும் பெயர் இல்லையே என்பதுதான் என் குறை.

எனவே, படம் அனுப்புவோர் வரிசைப்படி பெயர்களையும், ஆண்டையும், இடத்தையும், குறிப்பாகப் படம் எடுத்தவரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தாங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். பழைய படங்களின் பின்பக்கம் எழுதுவோர் பந்துமுனைப் பேனாவைத் தவிர்த்து, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுவது நல்லது. பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் முகங்களின் மேல் தடமாக விழுந்துவிடும்.

எங்கள் படத்தின் நகலை, கேமரா பிடித்தவர் உட்பட ஏழு பெயர்களுடன் இணைத்துள்ளேன். கட்டம் போட்ட சட்டையும் கையில் மடித்த செய்தித்தாளுமாக வலது ஓரத்தில் நிற்பவரைத் தங்கள் வாசகர் எவரேனும் அடையாளம் கண்டால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.