கம்பியும் கழற்றியும் இல்லாமல் புறப்படாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடாரம், வெயிலில் கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் தகடு, சீக்கிரம் உலரும் சட்டை என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் பக்கத்துக் கடையில் காட்டுங்கள் என்பதோடு பழுது விஷயம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கடைக்காரன் நான்தான். பர்மாவில், ரங்கூன்–மோல்மேன் நெடுஞ்சாலையில் உள்ள தட்டோனில் அப்பா போட்ட சைக்கிள் கடையை நடத்திவருகிறேன்.

2013 ஆகஸ்டில் தாய்லாந்து எல்லை வெளிநாட்டாருக்குத் திறந்தபின், மியாவடியில் நுழைந்து பாஆன் வழியாகச் சைக்கிளில் வந்தவர்கள் பலர் எங்கள் ஊரில்தான் நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள். நாட்டு நிலவரம் கெட்டதிலிருந்து அந்த வரத்து ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஆனால் அவர்கள் என் கடைக்குக் கொண்டுவந்த கோளாறுகள் எந்த நாட்டுச் சாலையிலும் வரக்கூடியவை.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை ரப்பர்த் தோட்டத்துப் பக்கமிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பின்சக்கரம் பாம்பு போல நெளிந்தது. பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்தில் மூன்று கம்பிகள் ஒடிந்திருந்தன. வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்பவை, அதிகம் முறுக்கப்பட்டவை. கேரியரில் இரண்டு பெரிய பைகளும் தொங்கினால் அந்தப் பக்கம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். ஒடிவதும் நடுவில் அல்ல, சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் நுழையும் வளைவில். ஒன்று போனதும் நின்றிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். மற்ற இரண்டும் அதன் பாரத்தைச் சுமந்து ஒடிந்தவை.

புதுக் கம்பி கோக்க வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு வெளிச்சுற்றில் பல் வெட்டிய ஒரு சிறு கழற்றி வேண்டும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எங்கள் ஊர் வண்டிகளின் பல்சக்கரம் வேறு சாதி.

'ரங்கூன் போய்ச் சேர்ந்தால் போதும், ஐயா' என்றான். எங்கள் பெரிய சைக்கிளின் நீளக் கம்பிகளை எடுத்தேன். தலையை வெட்டி எறிந்தேன். வெட்டிய முனையைக் குறட்டால் இரண்டு இடத்தில் எதிரெதிராக மடக்கினால் கொக்கி போல ஆகும். அதைப் பல்சக்கரத்துக்கும் குடத்துக்கும் நடுவே உள்ள சந்தில் விட்டுத் துளையில் மாட்டி, மறுமுனையை ரிம்மில் நிப்பிள் என்கிற சிறு திருகு போட்டு முறுக்கினேன். பல்சக்கரத்தில் கை வைக்கவே இல்லை. கோட்டம் எடுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இது தற்காலிக வேலைதான், பைகளைப் பஸ்ஸில் போட்டு அனுப்பு என்று சொல்லித்தான் விட்டேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய கருவிப்பெட்டி அல்ல. பெரிய ஸ்பானர், சுத்தியல், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளப் பழைய செயின் எல்லாம் எந்தப் பட்டிக்காட்டுக் கடையிலும் உண்டு. உங்கள் வண்டிக்கு மட்டுமே பொருந்துகிற சின்னச் சாமான்தான் எங்களிடம் இருக்காது. அந்தக் கழற்றியையும், பின்சக்கர இரு பக்கத்துக்கும் அளவெடுத்த நாலைந்து கம்பிகளையும் சீட்டுக் குழாய்க்குள் செருகிக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் நீளம் வேறு என்பதைப் புறப்படும் முன்பே அளந்து பாருங்கள்.

டயரிலும் இதே தொல்லை. 28 அங்குலம் என்று கேட்பார்கள், நானும் 28 எடுத்துக் கொடுப்பேன், ஏறாது. அவர்களுடைய ரிம் 622 மில்லிமீட்டர், எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிளுடையது 635. டயரின் ஓரத்தில் பொறித்திருக்கும் அந்த எண்ணைப் பார்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். டியூபை மாற்றிப் போடலாம் என்றால் வால்வு இடிக்கும். அவர்களுடைய மெல்லிய வால்வுக்கு ரிம்மில் 6.5 மில்லிமீட்டர் துளைதான் இருக்கும். எங்கள் வால்வு அதில் நுழையாது. துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கலாம். வண்டிக்காரர் முகத்தைப் பார்த்தால் எனக்கே மனம் வராது.

மே முதல் அக்டோபர் வரை எங்கள் கரையோரத்தில் மழை விடாது. ஈர டியூபில் சொல்யூஷன் பிடிக்காது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் உரிந்து வரும். அந்த மாதங்களில் ஒட்டுப் போடுவதை நம்பாமல் மாற்று டியூபை மாட்டிவிட்டு, ஓட்டையானதை இரவு தங்கும் இடத்தில் ஒட்டுங்கள். வழியெங்கும் புண்ணியத்துக்கு வைத்திருக்கும் தண்ணீர்ப் பானைகளில் டியூபை முக்கிக் குமிழி பார்க்காதீர்கள். அது குடிக்கிற தண்ணீர்!

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. 1970 முதல் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஓட்டுநர் உட்காருவதும் வலப்பக்கமே. முந்த நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரிய வேண்டுமானால், வண்டியைச் சாலையின் மறுபாதிக்குள் நீட்டியாக வேண்டும். எதிரே லாரியைக் கண்டதும் வெடுக்கென்று ஓரத்துக்கு ஒடிப்பார். அந்த ஓரத்தில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு குந்தியிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சக்கரம் கெட்டாலும் கெடட்டும், சாலையை விட்டு இறங்கி மரத்தடிக்கு இழுத்துப் போன பிறகு பையைத் திறங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமென்று போட்டிருக்கிறீர்கள். அதில் கூடாரத்தின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கி, அந்தக் கழற்றியின் படத்தையும் ஒரு மூலையில் அச்சிட வேண்டுகிறேன். பெயர் சொன்னால் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் விளங்காது, படத்தைக் காட்டினால் விளங்கும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
தட்டோன், பர்மா.