முரளிக்கு, டயர் விஷயமாக

கோயம்புத்தூர்

அன்புள்ள முரளி,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார், அதனால் வீட்டில் மறுபடியும் அரசியல் சண்டை. சின்னவள் பிளஸ் டூ. வாத்தியார் ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனாலும் வழியில் பார்த்தால் மார்க் கேட்கிறார். குடும்பச் செய்தி இவ்வளவுதான். எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

கார் வாங்கிவிட்டேன்டா. டாக்டர் அண்ணனுடைய அந்த வெள்ளை பிஎம்டபிள்யூ இசட்4. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அண்ணனுக்கு முதுகு வலி. அவ்வளவு தாழ்வான சீட்டில் இறங்கி ஏற முடியவில்லை என்றார். அவர் சொன்ன விலைக்கு இன்றைக்கு ஒரு சாதாரண எஸ்யூவிதான் வரும். கூரை மடங்குகிற பிஎம்டபிள்யூ, பின் சக்கரம் இழுக்கிற வண்டி, நாம் ஹாஸ்டல் சுவரில் ஒட்டி வைத்திருந்த வகையறா. மாட்டேன் என்று சொல்ல நான் என்ன ஞானியா? கௌரி கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டு சீட்டுங்கறீங்க, நம்ம நாலு பேர்ல எந்த ரெண்டு பேர் பஸ்ல வரணும்?" இன்னும் பதில் சொல்லவில்லை.

வண்டி பெரும்பாலும் ஷெட்டில் நின்றது. ஓடிய கிலோமீட்டர் குறைவு. டயரில் பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகள், புதுசு போல அப்படியே இருந்தது. மச்சான் வந்து குனிந்து பார்த்து, "பூராவும் இருக்குதுங்க மாமா, இன்னும் ரெண்டு வருசம் ஓட்டலாம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டான். நான் பக்கவாட்டில் டிஓடி எண்ணைத் தேடினேன். கடைசி நான்கு இலக்கம் 2414. அதாவது 2014-ஆம் வருடம் 24-ஆம் வாரம் செய்த டயர். விரலால் அழுத்தினால் ரப்பர் கட்டை மாதிரி இருக்கிறது, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பும் ஓடுகிறது. ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், வெயிலும் காற்றும் அதைச் சும்மா விடாது. பட்டனை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த மாதிரிக் கார்களில்தான் அதிகம், ஏனென்றால் இவற்றை யாரும் தேய்கிற அளவுக்கு ஓட்டுவதே இல்லை.

சரி, மாற்றலாம் என்று விலை விசாரித்தேன். அங்கேதான் தூக்கம் போனது.

முன்னால் 225/40, பின்னால் 255/35 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது), ரெண்டுமே 18 அங்குல ரிம்முக்கு, நாலும் ரன்ஃப்ளாட். காற்று முழுதாக இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டிப்போகலாம் என்பது அந்த டயரின் பெருமை. அதை நம்பித்தான் இந்தக் காரில் ஸ்டெப்னியே வைக்கவில்லை, வைக்க இடமும் இல்லை. பெருமை எல்லாம் பக்கச் சுவரின் தடிமனில் இருக்கிறது. அந்தத் தடிமன்தான் நம் ஊர்க் குழி ஒவ்வொன்றையும் அண்ணன் முதுகுக்குத் தெரியப்படுத்தியிருக்கிறது. நாலுக்கும் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும் என்றார் கடைக்காரர். அதுவும் பின் டயர் அளவு கையிருப்பில் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைத் தாராளப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது உனக்குத் தெரிந்திருக்காது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. மாருதிக்காரனுக்கு அது ஒரு செய்தி, என் மாதிரி விசித்திர அளவு வைத்திருப்பவனுக்கு அது ஒரு வியாதி. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அதுதான் ஒரே ஆறுதல்.

விஷயம் அப்பா காதுக்குப் போனது. "யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசறான்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேரம் பேசத்தான் போகிறேன். ஆனால் எதில் பேசலாம், எதில் பேசக்கூடாது என்பதுதான் இத்தனை நாளாக மண்டையைக் குடைகிறது.

ஆளாளுக்கு வழி சொன்னார்கள். வெளிநாட்டில் கழற்றிய செகண்ட் ஹேண்ட் டயர் ஒரு செட் இருக்கிறது, பாதி விலை என்றார் ஒருவர். போய்ப் பார்த்தால் நாலிலும் நாலு வேறு வருடம், ஒன்றின் உள்பக்கம் பஞ்சர் ஒட்டின தழும்பு. அந்த டயர் எந்த ஊரில் எந்தக் கல்லில் ஏறி இறங்கியதோ, உள்ளே கம்பி அறுந்திருந்தால் வெளியே தெரியுமா? இன்னொருவர் பேரே கேள்விப்படாத ஒரு பிராண்டைக் காட்டினார். விலை அருமை. வேகக் குறியீடு டி. டி என்றால் 190 கிலோமீட்டர், இந்தக் காருக்கு வர வேண்டியது டபிள்யூ, அதாவது 270. "நீங்க அவ்வளவு வேகம் போவீங்களா சார்?" என்று கேட்டார். போக மாட்டேன்தான். ஆனால் அந்த எழுத்து வேகத்துக்கு மட்டுமானது இல்லையே. சித்திரை வெயிலில் சேலம் ரோட்டில் நிற்காமல் ஓட்டும்போது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது யோசனைதான் என்னை உட்கார வைத்தது. "பின்னாடி ரெண்டு மட்டும் அடுத்த வருசம் பாத்துக்கலாம், இப்ப முன்னாடி ரெண்டு போடுங்க."

முரளி, அதைக் கேட்டதும் எனக்கு வால்பாறை இறக்கம் ஞாபகம் வந்தது. அந்த மாருதி எஸ்டீமில் முன்னால் புது டயர், பின்னால் மொட்டை. மழை தூறிக்கொண்டிருந்தது, வேகம்கூட இல்லை. முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. ராஜா இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது ஒரு காலை இழுத்துத்தான் வைக்கிறான். ரெண்டுதான் வாங்க முடியும் என்றால் புது டயர் பின்னால்தான் போக வேண்டும், முன் சக்கரம் இழுக்கிற காராக இருந்தாலும் அப்படித்தான். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், நம்மைப் போன்றவர்கள் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. பின் சக்கரம் இழுக்கிற காரில் ஆக்ஸிலரேட்டர் வேறு சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் நான் பேரம் பேசுவதாக இல்லை. நாலும் புதுசு, நாலும் ஒரே மாடல்.

அப்புறம் காசை எங்கே மிச்சம் பிடிப்பது? ரிம்மில்.

கேள். இதே காரை நிறுவனமே 17 அங்குலச் சக்கரத்தோடும் விற்றிருக்கிறது, நாலு பக்கமும் 225/45. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: என் முன் டயரின் மொத்த உயரம் 637 மில்லிமீட்டர், பின் டயர் 636, 17 அங்குல டயர் 634. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் விலை? சாதாரண டயராகப் போட்டால் நாலுக்கும் சேர்த்து, அந்த ஒரு லட்சத்தில் பாதிக்குள் முடிகிறது. செடான் கார்களுக்கும் வருகிற அளவு என்பதால் கடையில் கிடைக்கிறது, காத்திருக்க வேண்டாம். பக்கச் சுவர் கொஞ்சம் உயரம், குழியில் ரிம் வளையும் பயம் குறைவு. நாலும் ஒரே அளவு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சமமாகத் தேய்க்கலாம், இப்போது இருக்கிற ஏற்பாட்டில் அது முடியாது. லோடு எண் 91, ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ஒன்றரை டன் வண்டிக்கு அது தாராளம்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. பின் டயர் 30 மில்லிமீட்டர் ஒல்லியாகும், பார்க்க அந்தத் திமிர் குறையும். மச்சான் ஏற்கெனவே துக்கம் அனுசரிக்கிறான். ஸ்டெப்னி இல்லாத காரில் ரன்ஃப்ளாட்டும் இல்லை என்றால் பஞ்சர் ஆனால் நடுரோடுதான். அதற்குச் சின்ன கம்ப்ரஸரும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் பின்னால் கிடக்கட்டும். ஆணி குத்தினால் அது போதும், பக்கச் சுவர் கிழிந்தால் டோ வண்டிதான். கௌரி அந்த வரியில்தான் நிற்கிறாள். நியாயம்தான், அவள் தனியாக எடுத்துப்போனால் என்ன செய்வாள்? ராத்திரியில் வெளியூர் என்றால் பழைய ஹோண்டாதான் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்.

ரிம்முக்கு உக்கடத்தில் அலைந்தேன், கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் காரில் கழற்றிய நாலு இருக்கிறதாம். ஐந்து போல்ட், 120 மில்லிமீட்டர் வட்டம், நடு ஓட்டை 72.6, எல்லாம் பொருந்துகிறது. ஆஃப்செட், அதாவது ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு, கொஞ்சம் மாறுகிறது, மாட்டிப் பார்த்துத்தான் முடிவு. பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா, வெல்டு வைத்திருக்கிறார்களா, சுற்றவிட்டால் ஆடுகிறதா என்றெல்லாம் பார்க்க வாத்தியார் பையனை அனுப்பியிருக்கிறேன். அவன் அப்பாவைப் போல, எதற்கும் மார்க் குறைத்துத்தான் போடுவான்.

எந்த டயர் என்பதில் இன்னும் இழுபறி. நீ அனுப்பிய அமெரிக்க ஒப்பீடுகளைப் படித்தேன். ட்ரெட்வேர் எண், அதாவது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டுகிற எண், 200 என்றால் ஒட்டும், 400 என்றால் உழைக்கும் என்று அதையே வேதமாக எடுத்துக்கொண்டு பேசுகிறாய். அந்தச் சோதனை டெக்சாஸில் சான் ஏஞ்சலோ பக்கம் 400 மைல் சுற்றில், 7,200 மைல் ஓட்டிப் பார்ப்பது. கடைசியில் எண்ணைக் குறிப்பதும் டயர் கம்பெனியேதான். ஒரே கம்பெனியின் ரெண்டு டயரை ஒப்பிட உதவும், ரெண்டு கம்பெனிக்கு நடுவில் அதை வைத்துச் சண்டை போட முடியாது. 200 வகை ரேஸ் பைத்தியங்களுக்கு, அவர்கள் கரி ஸ்பீட்வேயில் தேய்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது கோத்தகிரி ரோட்டில் மழையில் பிடிப்பது. 300-லிருந்து 400-க்குள் பார்க்கிறேன். நடுவில் அகலமான நீர்ப் பள்ளங்கள் இருக்க வேண்டும், டிஓடி எண் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் யோகோஹாமா, இன்னொரு பக்கம் வ்ரெடெஸ்டைன். அந்தப் பெயரை உச்சரித்ததும் மச்சான் "ஃபாரினா?" என்று எழுந்து உட்கார்ந்தான். ஹாலந்து கம்பெனிதான், 2009-லேயே நம்ம அப்போலோ வாங்கிவிட்டது என்றதும் மறுபடி சாய்ந்துகொண்டான்.

ஒன்றில் மட்டும் உன்னைவிட நான் கொடுத்து வைத்தவன். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் இறுகிவிடும் என்று நீ வருடா வருடம் ரெண்டு செட் வைத்து அழுகிறாயே, இங்கே அந்தத் தொல்லை இல்லை. உன் கராஜில் பாதியை டயரே அடைத்திருப்பதாக உன் தங்கை சொன்னாள்.

இப்போது உன்னிடம் ரெண்டு வேலை. கழற்றுகிற 18 அங்குல ரிம் நாலையும் விற்று இந்தச் செலவைச் சரிக்கட்டுவதா, இல்லை பின்னாளில் வண்டியை விற்கும்போது ஒரிஜினல் வேண்டும் என்று மாடியில் போட்டு வைப்பதா? விற்றுவிடு என்கிறது மனசு, வைத்துக்கொள் என்கிறார் அண்ணன். நீ சொல். ரெண்டாவது, டிசம்பரில் வரும்போது நல்ல கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வா, சிகரெட் லைட்டரில் செருகுகிற வகை. டயர் வேண்டுமா என்று கேட்காதே, உன் சூட்கேஸுக்கு உரிமம் கிடைக்காது.

குண்டனிடம் மட்டும் கார் விஷயத்தை மூச்சுவிடாதே. அந்த நாற்பதாயிரம் அவனுக்கு உடனே ஞாபகம் வந்துவிடும்.

அன்புடன்,
பாலு